எண்ணிம ஓவியத்தில் நகைச்சுவை இரத்தக்காட்டேரி

நகைச்சுவை இரத்தக்காட்டேரி ஓவியம் என்பது, குருதி குடிப்பதாகக் கதைகளில் கூறப்படும் பேயுருவை அச்சத்திற்குப் பதிலாகச் சிரிப்பு எழும் வகையில் காட்டும் படம் ஆகும். கணினியையும் வரைகலை மென்பொருளையும் கொண்டு வரையப்படும்போது இது எண்ணிம ஓவியத்தின் ஒரு வகையாகின்றது. மேலைநாட்டுக் கோட்டை, கறுப்பு மேலங்கி, சவப்பெட்டி ஆகியவற்றோடு இவ்வுரு பரவலாக அறியப்பட்டாலும், குருதி குடிக்கும் பேய்களை வைத்து நகைப்பது தமிழில் நெடுங்கால மரபு உடையது. இக்கட்டுரை அம்மரபைச் சுருக்கமாகக் கூறி, சேலம் - நாமக்கல் சமவெளியைக் களமாகக் கொண்ட ஒரு காட்சியைக் கட்டற்ற மென்பொருட்களால் உருவாக்கும் முறையை விளக்குகின்றது.

பெயரும் கருத்துருவும்

வாம்பயர் என்னும் ஐரோப்பியக் கருத்துருவுக்குத் தமிழில் இரத்தக்காட்டேரி என்ற சொல் வழங்குகின்றது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஐரோப்பிய வாம்பயர் இறந்த மனிதனின் உடல் இரவில் எழுந்து உலவுவது ஆகும். காட்டேரியோ தமிழ் நாட்டார் சமயத்தில் அஞ்சப்படும் ஆவியாகவும், வழிபடப்படும் காவல் தெய்வமாகவும் விளங்குகின்றது. சேலம், நாமக்கல் உள்ளிட்ட வட்டாரங்களில் காட்டேரியைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரிபியன் பகுதிக்குக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் கயானா, டிரினிடாட் ஆகிய நாடுகளில் இன்றும் காட்டேரி அம்மனை வணங்குகின்றனர்.

வேதாளம் இன்னொரு வகை. விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளம் மரத்தில் தொங்கும் பிணத்தினுள் குடிகொண்டு, தன்னைச் சுமந்து செல்லும் அரசனுக்குக் கதை சொல்லிப் புதிர் போடுகின்றது. குருதி குடிப்பது அதன் முதன்மை வேலை அன்று. 1870 ஆம் ஆண்டு ரிச்சர்டு பர்ட்டன் இக்கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது வேதாளத்தை வாம்பயர் என்று பெயரிட்டார். இதனால் இரு கருத்துருக்களும் மேலைநாட்டு வாசகர்களிடம் ஒன்றாகக் கலந்தன.

தமிழ் மரபில் நகைச்சுவைப் பேய்கள்

12 ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியில் பேய்கள் முக்கிய பாத்திரங்களாக வருகின்றன. பசியால் வாடிய அவை போர்க்களத்தில் குருதியையும் கொழுப்பையும் கொண்டு கூழ் சமைக்கின்றன. சமைப்பதற்கு முன்னர் யானைத் தந்தத்தால் பல் துலக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. கூழ் பங்கிடும்போது பார்ப்பனப் பேய், சமணப் பேய், சாக்கியப் பேய் என்று ஒவ்வொன்றும் தன் தன் வழக்கத்தோடு வந்து அமர்கின்றது. கொடூரமான செயலை வீட்டுச் சமையல் போன்று இயல்பாகக் காட்டுவதே இங்கு நகைச்சுவையின் ஊற்று. இன்றைய நகைச்சுவைக் காட்டேரிப் படங்களும் பெரும்பாலும் இதே உத்தியைக் கையாள்கின்றன.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையோடு தொடர்புடையது கொல்லிப்பாவை. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்கு உவமையாகக் கூறப்படும் இப்பாவை, பிற்காலக் கதைகளில் சிரித்து மயக்கித் தீயோரைக் கொல்லும் உருவாக வளர்ந்தது. சிரிப்பும் அச்சமும் ஒரே முகத்தில் கூடும் இக்கருத்து ஓவியருக்குப் பயன் தரக்கூடியது.

படக்கதை மரபில் அம்புலிமாமா இதழின் வேதாளப் படம் புகழ் பெற்றது. வாளேந்திய விக்கிரமாதித்தன் பிணத்தைத் தோளில் சுமந்து நடக்க, வேதாளம் மேலே மிதக்கும் அப்படத்தை வரைந்தவர் சங்கர் என அறியப்பட்ட கே. சி. சிவசங்கரன். ஈரோட்டுப் பகுதியில் 1924 இல் பிறந்த இவர் 1952 இல் அம்புலிமாமாவில் சேர்ந்தார். 2020 இல் காலமான இவருக்கு 2021 இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

மேலைநாட்டு மரபு

பிராம் இசுட்டோக்கர் எழுதிய டிராகுலா புதினம் 1897 இல் வெளிவந்தது. ஓவியர் அறிந்திருக்க வேண்டிய விதிகள் பல இந்நூலின் வழியே பரவின. காட்டேரிக்கு நிழல் விழாது, கண்ணாடியில் உருவம் தெரியாது, பூண்டு ஆகாது. ஆனால் இப்புதினத்தில் டிராகுலா பகலிலும் நடமாடுகின்றான். சூரிய ஒளி பட்டால் காட்டேரி அழியும் என்ற கருத்து 1922 இல் வெளிவந்த நொசுபெராட்டு என்னும் செருமானியத் திரைப்படத்தால் பரவியது.

நகைச்சுவை உருக்கள் பின்னர் தோன்றின. 1972 முதல் செசமி இசுட்ரீட் என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் எதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் காட்டேரிப் பிரபு இடம்பெற்றார். 1979 இல் வெளிவந்த பன்னிகுலா என்ற சிறுவர் நூலில் காய்கறிகளின் சாற்றை உறிஞ்சும் முயல் வருகின்றது. 2012 இல் ஓட்டல் டிரான்சில்வேனியா என்ற அசைவூட்டத் திரைப்படம் டிராகுலாவை விடுதி நடத்தும் தந்தையாகக் காட்டியது.

நகைச்சுவை எவ்வாறு அமைகின்றது

காட்டேரி என்றவுடன் பார்ப்பவர் மனதில் சில எதிர்பார்ப்புகள் எழுகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் முறித்து, மற்றவற்றை அப்படியே விடும்போது சிரிப்பு உண்டாகின்றது. எல்லாவற்றையும் மாற்றினால் அது காட்டேரி என்றே தெரியாமல் போகும். ஆகவே ஒரு படத்திற்கு ஒரு முரண் போதுமானது. சேலம் - நாமக்கல் சமவெளியில் இருந்து சில எடுத்துக்காட்டுகள்:

* வேதாளம் முருங்கை மரம் ஏறுகின்றது; கிளை முறிந்து கீழே விழுகின்றது. சமசுக்கிருதக் கதாசரித்சாகரத்தில் அது சிம்சபா மரம். தமிழில் முருங்கை ஆனது. முருங்கைக் கிளை எளிதில் முறியும் என்பதை அறிந்தவர்க்கே இப்படம் உடனே விளங்கும்.
* மெலிந்த ஊரார்க்குக் காட்டேரி முருங்கைக்கீரைக் கட்டுகளை இலவசமாக வழங்குகின்றது. குருதி ஊறக் கீரை உண்ணுமாறு பெரியோர் கூறும் அறிவுரை இங்கே காட்டேரியின் தன்னலமாக மாறுகின்றது.
* சித்திரை வெயிலில் சேலத்துப் பேருந்து நிலையத்தில் காட்டேரி மூன்று குடைகளுடன் நிற்கின்றது.
* சேலத்தின் தட்டுவடை செட்டு வண்டியில் சிவப்பைக் கண்டு ஆவலுடன் வரும் டிராகுலா, அது பூண்டுச் சட்டினி என்று அறிந்து திகைக்கின்றான்.

கீழுள்ள விளக்கம் கடைசி எடுத்துக்காட்டைக் கொண்டு அமைகின்றது. தட்டுவடை செட்டு என்பது இரு தட்டுவடைகளுக்கு இடையே சட்டினிகளையும், துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் ஆகியவற்றையும் வைத்துத் தரப்படும் சேலத்துத் தெருவோரச் சிற்றுண்டி ஆகும். சிவப்புச் சட்டினியில் மிளகாயுடன் பூண்டும் சேரும். காட்டேரியை ஈர்க்கும் நிறமும் விரட்டும் பொருளும் ஒரே தட்டில் இருப்பதால், முரண் புறத்தில் இருந்து திணிக்கப்படாமல் பொருளிலேயே அமைந்துவிடுகின்றது.

மென்பொருட்கள்

எண்ணிம வரைகலை இரு வகைப்படும். படப்புள்ளி வரைகலையில் படம் சிறு நிறப் புள்ளிகளின் தொகுப்பாகச் சேமிக்கப்படுகின்றது. திசையன் வரைகலையில் கோடுகளும் வளைவுகளும் கணிதச் சமன்பாடுகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஆதலால் எவ்வளவு பெரிதாக்கினும் ஓரங்கள் சிதைவதில்லை.

கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருள் 1995 இல் இரு அமெரிக்க மாணவர்களால் தொடங்கப்பட்டது. இது படப்புள்ளி வரைகலைக்கும் ஒளிப்படத் திருத்தத்திற்கும் ஏற்றது. கிரிட்டா தூரிகை ஓவியத்திற்கென்றே வளர்க்கப்பட்டது. இதன் பெயர் சுவீடிய மொழியில் சுண்ணக்கட்டியைக் குறிக்கும். 2003 இல் தோன்றிய இன்க்சுகேப் திசையன் வரைகலைக்கு உரியது. இம்மூன்றும் இலவசமாகக் கிடைப்பதால் மாணவர்கள் உரிமக் கட்டணம் இன்றிப் பயிலலாம். வணிக மென்பொருளான அடோபி போட்டோசாப் 1990 இல் வெளிவந்தது. 1994 இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பில் அடுக்குகள் அறிமுகமாயின.

அடுக்குகளும் மறைப்புகளும்

அடுக்கு என்பது ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கப்பட்ட கண்ணாடித் தாள் போன்றது. ஒன்றில் வரைந்ததை அழித்தாலும் மற்றவை கெடுவதில்லை. அடுக்கு மறைப்பு என்பது ஓர் அடுக்கின் எப்பகுதி தெரிய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது. மறைப்பில் வெள்ளை தீட்டிய இடம் தெரியும்; கறுப்பு தீட்டிய இடம் மறையும்.

இக்கருத்து கணினிக்கு முந்தியது. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்சு 1940 இல் தயாரித்த உத்தம புத்திரன் திரைப்படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். ஒரே நடிகரை இரு உருவாகக் காட்டுவதற்கு அக்காலத் திரைப்படங்களில் வழங்கிய பொதுவான முறை, வில்லையின் ஒரு பாதியை மறைத்துப் படம்பிடித்து, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து மீண்டும் படம்பிடிப்பது ஆகும். அதில் ஒளிப்பதிவாளர் தவறினால் சுருள் முழுவதும் வீணாகும். அடுக்கு மறைப்பிலோ தவறை ஒரு நொடியில் திருத்தலாம்.

படிமுறை

1. முதல் வரைவு. தாளில் சிறு கட்டங்களாக ஐந்தாறு அமைப்புகளை வரைந்து பார்க்க வேண்டும். கண் முதலில் தட்டிலும், அடுத்து டிராகுலாவின் முகத்திலும், இறுதியில் கடைக்காரரின் அமைதியான முகத்திலும் செல்லும்படி உருக்களை வைத்தல் நன்று. கடைக்காரர் அஞ்சக் கூடாது. அவருக்கு இவரும் ஒரு வாடிக்கையாளரே.

2. பரப்பின் அளவு. ஏ4 தாளில் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 3508 x 2480 படப்புள்ளிகள் தேவை. சிறிதாக வரைந்து பின்னர் பெரிதாக்கினால் ஓரங்கள் மங்கும்.

3. அடுக்குகளை ஒழுங்கு செய்தல். கீழிருந்து மேலாக வானம், மலை, வீடுகள், வண்டி, கடைக்காரர், காட்டேரி, தட்டு, நிழல், ஒளி, எழுத்து என்று அமைத்து ஒவ்வொன்றுக்கும் பெயரிட வேண்டும். சேலம் நகரைச் சூழ வடக்கே நகரமலையும், தெற்கே சருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் உள்ளன. பொழுது சாய்ந்த சிறிது நேரத்தைக் காட்ட விரும்பின், கஞ்சமலையின் பின்னே செம்மஞ்சள் ஒளி எஞ்சியிருக்கலாம்.

4. கோட்டோவியம். வரைவு அடுக்கின் அடர்த்தியைக் குறைத்து, அதன் மேல் புதிய அடுக்கில் தெளிவான கோடுகளை இட வேண்டும். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் முகக்கோணல்கள் புலப்படும். கிரிட்டாவில் எம் விசையை அழுத்தினால் பார்வை மட்டும் திரும்பும், படம் மாறாது.

5. அடிநிறம். நிழல் ஏதும் இன்றித் தட்டையான நிறங்களை நிரப்ப வேண்டும். பீட்ரூட்டின் நிறம் நீலம் கலந்த ஊதாச்சிவப்பு. மிளகாய்ச் சட்டினியின் நிறம் மஞ்சள் கலந்த சிவப்பு. இவ்விரண்டையும் தூய குருதிச் சிவப்பில் இருந்து வேறுபடுத்தினால்தான் அது உணவு என்று பார்ப்பவர் உணர்வர். டிராகுலா ஏமாறலாம், பார்ப்பவர் ஏமாறக் கூடாது.

6. நிழலும் ஒளியும். நிழல் அடுக்கிற்குப் பெருக்கல் கலப்பு முறையைத் தெரிவு செய்யலாம். கறுப்பை 0 எனவும் வெள்ளையை 1 எனவும் கொண்டால், 0.8 மீது 0.5 ஐப் பெருக்க 0.4 கிடைக்கும். ஆதலால் இம்முறையில் நிறம் ஒருபோதும் வெளிறாது. ஒளிக்குத் திரை கலப்பு முறை பொருந்தும். அதில் எண்களை 1 இல் இருந்து கழித்துப் பெருக்கி, விடையை மீண்டும் 1 இல் இருந்து கழிப்பர். அதே எண்களுக்கு விடை 0.9 ஆகும்.

இரவுக் காட்சியில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்புப் பொருள் பெரும்பாலும் சிவப்பு ஒளியையே எதிரொளிப்பதால், நீல நிலவொளியில் அது கறுப்பாகத் தோன்றும். மங்கிய ஒளியில் மனிதக் கண்ணும் சிவப்பைக் குறைவாகவே உணர்கின்றது. சட்டினி கறுத்துவிட்டால் நகைச்சுவையே இல்லை. எனவே வண்டியின் மேல் மஞ்சள் குமிழ் விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் ஒளிவட்டத்தினுள் தட்டை வைக்க வேண்டும். வட்டத்திற்கு வெளியே எல்லாம் நீலமாக இருக்கலாம்.

7. எதிருருவமும் நிழலும். துருப்பிடிக்காத எஃகு சேலம் உருக்காலையின் பெயரோடு சேர்ந்து அறியப்படுவது. வண்டியில் நிறுத்தி வைத்த எவர்சில்வர் தாம்பாளத்தில் விளக்கையும் கடைக்காரரையும் படியெடுத்து, இடவலமாகத் திருப்பி, சற்று மங்கலாக்கி வைத்தால் எதிருருவம் அமையும். டிராகுலாவின் உருவை மட்டும் படியெடுக்காமல் விட வேண்டும். தரையில் அவனுக்கு நிழலும் வரையக் கூடாது. இதைக் கண்டுபிடிப்பவர் இரண்டாம் முறை சிரிப்பர். காணாதவர்க்கும் படத்தின் பொருள் குறைவதில்லை.

8. முகபாவம். பூண்டின் நெடியால் கண்ணில் ஒரு துளி நீர், மேலேறிய புருவம், பாதி திறந்த வாய் ஆகியவை போதும். கோரைப் பல் ஒன்றில் பீட்ரூட் துருவல் ஒட்டியிருப்பதாகக் காட்டினால் அவன் ஏற்கெனவே ஒரு வாய் உண்டுவிட்டான் என்பது சொல்லாமலே விளங்கும்.

9. எழுத்து. வண்டியின் பெயர்ப்பலகையில் தமிழ் எழுதும்போது ஒருங்குறி எழுத்துருவைப் பயன்படுத்த வேண்டும். சில மென்பொருட்களில் இந்திய மொழிகளுக்கான உரை அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தின் பின்னே சென்று நிற்கும். பிழையான பலகை வேண்டாத நகைப்பை உண்டாக்கும். கையால் எழுதிய பலகை பெரும்பாலும் காட்சிக்கு மேலும் பொருந்துகின்றது.

10. சேமித்தல். அடுக்குகள் அழியாமல் இருக்க மூலக்கோப்பை மென்பொருளின் சொந்த வடிவத்தில் சேமிக்க வேண்டும். வெளியிட பிஎன்சி வடிவம் தரம் குறையாமல் காக்கும். சேபெக் வடிவம் கோப்பைச் சிறிதாக்கும், ஆனால் நுண்விவரங்களை இழக்கும். திரையில் ஒளிரும் சிவப்பும் நீலமும் அச்சு மையில் அவ்வாறே வருவதில்லை என்பதால், அச்சிடுவதற்கு முன் மாதிரி எடுத்துப் பார்த்தல் நன்று.

பதிப்புரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 இன் படி ஓவியத்திற்கான காப்பு, படைத்தவர் இறந்த ஆண்டிற்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த படங்கள் 2080 ஆம் ஆண்டு முடியக் காக்கப்படுகின்றன. அவற்றைப் படியெடுத்துத் தலையை மாற்றுவது புதிய ஆக்கம் ஆகாது. வேதாளக் கதையோ 11 ஆம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த நூலிலேயே உள்ளது. அதை எவரும் தம் கற்பனையில் வரையலாம். இசுட்டோக்கர் 1912 இல் இறந்ததால் டிராகுலாவும் இன்று பொதுவுடைமை. ஆனால் 1922 இல் நொசுபெராட்டு படத்தை எடுத்தவர்கள் உரிமை பெறாமல் கதையைப் பயன்படுத்தினர். இசுட்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுக்க, 1925 இல் படச்சுருள்களை அழிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. தப்பிய படிகளின் வழியே அப்படம் எஞ்சியது.

கவனிக்க வேண்டியவை

காட்டேரி பலருக்கு வழிபடு தெய்வம் ஆதலால், கோயில் உருவங்களையும் பூசைப் பொருட்களையும் கேலிப் படத்தில் பயன்படுத்துவது அவர்களைப் புண்படுத்தக்கூடும். மேலங்கி அணிந்த டிராகுலாவையோ, கதைப் பாத்திரமான வேதாளத்தையோ தெரிவு செய்தால் இச்சிக்கல் பெரிதும் குறையும்.

கலிங்கத்துப்பரணி குருட்டுப் பேய், ஊமைப் பேய் என உடற்குறை உள்ளனவற்றையும் நகைப்புக்கு உரியனவாக்குகின்றது. அக்கால இலக்கியத்தை அதன் காலத்தோடு வைத்துப் படிக்கலாம்; இன்றைய ஓவியர் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

மேலும், பேய் பிடித்ததாகக் கருதப்படும் பெண்களைச் சாட்டையால் அடித்து ஓட்டும் வழக்கம் தமிழகத்தின் சில கோயில் விழாக்களில் இக்காலத்திலும் காணப்படுகின்றது. பேயச்சம் சிலருக்கு உடல்வலியாகவே வந்து சேர்கின்றது. ஆகவே நகைப்புக்கு உள்ளாவது யார் என்ற வினா இவ்வகைப் படங்களில் முதன்மையானது. தலைவிரி கோலத்தில் ஆடும் பெண்ணைக் கேலிப்பொருளாக்கும் படம் அவ்வழக்கத்திற்குத் துணை போகின்றது. பேயையே நகைப்புக்கு உள்ளாக்கும் படமோ அச்சத்தைக் குறைக்கின்றது. கையில் தட்டுடன் கண் கலங்கி நிற்கும் டிராகுலாவைப் பார்த்துச் சிரித்த குழந்தை, அன்றிரவு இருட்டில் தனியே செல்லச் சற்றுக் குறைவாகவே தயங்கும்.